திராட்சைக் கொடியும் உயிருள்ள மண்ணும்



திருப்பலி இரசம் இயற்கையானதாய், திராட்சைக் கனியினின்று பெறப்பட்டதாய், கெடாததாய் இருக்கவேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அக்கனியைத் தரும் மண்ணை நாம் நினைப்பதுண்டா?

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில், சவெனியேர் என்னும் ஊரில், 'கூலே தெ செரான்' என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. பரப்பு ஏழே ஹெக்டேர். 1130-இல் சிஸ்தர்சியன் துறவியர் நட்டது. இன்று ஜோலி குடும்பத்தாருடையது.

வங்கி வேலையை விட்டுவந்த நிக்கோலா ஜோலி, நிபுணர் சொற்படி முதலில் களைக்கொல்லி தெளித்தார். செலவு குறைந்தது. ஆனால் இரண்டொரு ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியது, பூச்சிகள் மறைந்தன. மனம் கலங்கிய அவர், 1980-களில் வேறு வழிக்குத் திரும்பினார்.

ருடால்ஃப் ஸ்டைனர் 1924-இல் ஆற்றிய உரைகளில் பிறந்த வேளாண்முறை அது. சாணத்தைப் பசுவின் கொம்பில் அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைப்பர். பின் நீரில் கலக்கித் தெளிப்பர். இரசாயன உரமில்லை. செங்குத்தான சரிவுகளைக் குதிரை பூட்டி உழுவர். பழத்தோடு வரும் இயற்கை நொதியே சாற்றை இரசமாக்கும்.

கொம்பைப் பற்றியும் கோள்களைப் பற்றியும் ஸ்டைனர் சொன்னவற்றை அறிவியல் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் 850 ஆண்டுகள் கனி தந்த நிலத்தை நலியச்செய்ய இரண்டொரு ஆண்டுகளே போதுமாயிருந்தன என்பதை மறவோம்.

ஜூபிலி ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வளிக்கச் சொல்கிறது லேவியர் நூல். விழாக் கொண்டாடும் நாம், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மண்ணை உயிரோடு நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக!