மருந்தும் வாழ்வும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நாம் பேசப்போவது நோயைப் பற்றியன்று. நோயைக் கடந்தபின் வாழும் வாழ்வைப் பற்றியேயாம். மீனாட்சிபுரத்திலிருந்து கோவைக்கும் பாலக்காட்டிற்கும் திருவனந்தபுரத்திற்கும் சென்று மருத்துவம் பெற்றுத் திரும்பியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் உரியது இவ்வுரை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த காலத்தில், இந்நோய் கண்டால் பிழைப்பதில்லை என்பதே மக்கள் எண்ணம். இன்றோ, காலத்தே கண்டறியப்பட்டோர் பலர் நெடுநாள் வாழ்கின்றனர். ஆதலின் புதியதொரு கேள்வி பிறந்துள்ளது. உயிரைக் காக்கும் மருந்தே உடலை வருத்துமாயின் என் செய்வது?

இக்கேள்விக்கு ஆளானோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர், உயிர் மிஞ்சியதே பெரிது என்று வாய்மூடித் தாங்குகின்றனர். சிலர், எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தீங்கு தருவன என்பதே நம் கருத்து.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையைப் பார்ப்போம். 1962இல் இங்கிலாந்தில் கருத்தடைக்கென ஆக்கப்பட்ட பொருள் அது. அவ்வேலைக்கு உதவாமற் போயினும், பெண்மைச் சுரப்பால் வளரும் புற்றைத் தடுக்கப் பயன்பட்டது. அவ்வகைப் புற்றுடையோர் 5 ஆண்டு உண்டால், 15 ஆண்டுகளில் அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என 2011இல் வெளியான பேராய்வு காட்டியது. ஆயினும், திடீரென உடல் கொதித்து வியர்ப்பதும் உறக்கம் கெடுவதும் பலர்க்கு உண்டு. அரிதாக இரத்தம் உறைதலும், மாதவிடாய் நின்றோர்க்குக் கருப்பைப் புற்றும் நேரலாம். ஆகவே, மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு என்பது எல்லார்க்கும் ஒரே அளவான நன்மையன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 100 பேரில் 30 பேர்க்கு ஆபத்துள்ள நிலையில் மருந்து 10 பேரைக் காக்கும், 3 பேர்க்கே ஆபத்துள்ள நிலையில் ஒருவரைக் காக்கும். மருந்தின் வருத்தமோ இருசாரார்க்கும் ஒன்றே. ஆதலால், "இம்மருந்தால் எனக்கு எவ்வளவு நன்மை?" என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று, கேட்டே ஆகவேண்டும்.

மருத்துவ உலகமும் இவ்வாறே எடைபோட்டு வருகிறது. நிணநீர்க் கழலைகளுக்குப் பரவிய பெருங்குடற் புற்றுக்கு, அறுவைக்குப்பின் ஆக்சாலிபிளாட்டின் கலந்த மருந்தை 6 மாதம் தருவது வழக்கமாயிருந்தது. அது கைகால்களை மரத்துப்போகச் செய்யும். சிலர்க்கு அம்மரப்பு நீங்காமலே நின்றுவிடும். பால் கறக்கும் விரலும் வரப்பில் நடக்கும் காலும் உணர்விழந்தால் உழைப்பவர் எவ்வாறு பிழைப்பர்? 12,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த 6 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் முடிவு வெளியிட்டனர். 6 மாதம் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு மரப்பு மிகுந்தது. 3 மாதம் பெற்றோரில் ஆறில் ஒருவர்க்கே அவ்வாறாயிற்று. பரவல் குறைந்திருந்தோர் பலர்க்கு 3 மாத மருந்தே ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. பரவல் மிகுந்தோர்க்கு, உடன்சேர்க்கும் மருந்தைப் பொறுத்து, நீண்ட காலம் தேவைப்பட்டது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடியுமிடத்தில் மருத்துவம் நான்கு கூறாகப் பகுக்கப்படுகிறது. அங்கே முதலிடம் நோயுற்றவனுக்கே. உடனிருந்து பேணுவோனும் ஒரு கூறாக எண்ணப்படுகிறான். அவ்விருவரும் வாய் திறவாவிடின் மருத்துவர் எதைக்கொண்டு முடிவு செய்வார்?

ஆகவே நம் வீடுகளில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். "உடம்புக்கு முடியவில்லை" என்று பொதுப்படச் சொல்வதிலும், "இரவில் மூன்று முறை எழுந்தேன், பொத்தான் போட முடியவில்லை" என்று சொல்வது மருத்துவர்க்குப் பயன்படும். அளவைக் குறைக்கலாம்; மருந்தை மாற்றலாம்; மூட்டு வலிக்கு உடற்பயிற்சி சொல்லலாம். தாமாக வேறு மருந்து வாங்கி உண்ணலாகாது. மனச்சோர்வுக்குரிய சில மாத்திரைகள் டமாக்சிஃபெனின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். எல்லாம் செய்தும் தாங்கவில்லையெனில், மருத்துவர் அறிய, கணக்கறிந்து நிறுத்துவது கோழைத்தனமன்று.

நாம் வாழும் கேரளத்தில் வேறொரு துணையும் உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் வேரூன்றிய வலிதணிப்புப் பணிக்கு 2008இல் அரசு கொள்கை வகுத்தது. ஊராட்சிகளின் வழியே செவிலியர் வீடுதேடி வருகின்றனர். அது இறுதிநாளை எண்ணுவோர்க்கே உரியதென ஒதுங்க வேண்டா. வலியோடு வாழ்வோர்க்கும் உரியதே. மலையாளம் வராதே என்று தாய்மார்கள் தயங்கவும் வேண்டா. மொழியறிந்த இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும்; அதனை நம் சங்கம் தன் பணியாக ஏற்கட்டும்.

இல்லத்தார்க்கு ஒரு வேண்டுகோள். "பிழைத்ததே போதாதா?" என்னும் சொல்லை இன்றோடு விடுவோம். பிழைத்தவர் உறங்கவும், உழைக்கவும், பேரக் குழந்தைகளைத் தூக்கி மகிழவும் வேண்டுமன்றோ? "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அருகிலிருப்போம்.