படைவீரரின் அடைக்கலப் பணம்

பிறர் பொருளைக் காத்துக் கொடுக்கும் பொறுப்பு மிகப் பழமையானது. தூரதேசம் செல்பவன் தன் பணமுடிப்பை நம்பிக்கைக்குரிய அயலவரிடம் ஒப்படைத்துச் செல்வான். மீண்டு வந்ததும் கேட்டுப் பெற்றுக்கொள்வான். அங்கே கேட்பதற்கு உரியவன் ஒருவன் இருக்கிறான். பொருளுக்கு உரியவன் கேட்கும் ஆற்றலையே இழந்தவனாயின் யாது செய்வது? அவன் சார்பிற் கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்கா ஒரு நூற்றாண்டாக முயன்று வருகின்றது. அந்நாட்டின் அனுபவம் சிந்தனைக்குரியது.

போரிற் காயமுற்றோருக்கு அந்நாட்டு அரசாங்கம் மாதந்தோறும் உபகாரப் பணம் வழங்குகின்றது. அவர்களுட் சிலர் தலையிற் பட்ட காயத்தினாலோ, மனநோயினாலோ, முதுமையினாலோ தம் பணத்தைத் தாமே கையாள முடியாத நிலையை அடைகின்றனர். அத்தகையோருக்காகப் பணத்தைப் பெற்றுச் செலவிட வேறொருவர் நியமிக்கப்படுகின்றார். அவரை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்போம். மனைவியோ மகனோ அப்பொறுப்பை ஏற்பதுண்டு; உறவினர் இல்லாதவிடத்து வழக்கறிஞரோ வேறொருவரோ ஊதியம் பெற்று ஏற்பதுமுண்டு. இந்த ஏற்பாடு இன்றேல் நோயுற்ற வீரரின் பணம் கண்டவர் கைக்கெல்லாம் போய்விடும். ஆகவே ஏற்பாடு அவசியமானதே. ஆனால் வேலியே பயிரை மேயத் தொடங்கின் என்ன செய்வது என்பதே கேள்வி.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இக்கேள்வி பெரிதாக எழுந்தது. அக்காலத்தில் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் நீதிமன்றுகளிடம் இருந்தது. ஒருவரே பல வீரருக்குப் பாதுகாவலராகி, ஒவ்வொருவர் பணத்திலும் கட்டணம் எடுத்துக்கொள்ள இடமிருந்தது. வாஷிங்டன் நகரை நிருவகித்த ஆணையாளர்களுள் பிரெடெரிக் பென்னிங் என்னும் வழக்கறிஞரும் ஒருவர். அவர் சென்ற் எலிசபெத்ஸ் மனநோய் மருத்துவமனையிலிருந்த பல முன்னாட் படைவீரருக்குப் பாதுகாவலராயிருந்து அவர்கள் பணத்திலிருந்து பெருங்கட்டணம் பெற்றார் என்று 1926இல் காங்கிரஸ் சபையிற் குற்றஞ்சாட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் பதவி துறந்தார். 1928இல், மாநிலங்கள் பின்பற்றுதற்கென ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. ஒருவர் ஐந்து பேருக்கு மேற் பாதுகாவலராக இருத்தலாகாது என்றும், கட்டணம் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேற்படலாகாது என்றும் அது வரையறுத்தது. இரக்கம் வாணிபமாக மாறுவதைத் தடுத்தலே இவ்வரையறைகளின் நோக்கம்.

இன்று முன்னாட் படைவீரர் அலுவல்கள் திணைக்களமே நம்பிக்கைப் பொறுப்பாளரை நியமிக்கின்றது. 2018ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்ட விதிகள் கருத்தூன்றி நோக்கற்பாலன. யாரை நியமிக்கலாம் என்று ஆராயும்போது, வீரர் தம் விருப்பத்தைக் கூறக்கூடிய நிலையிலிருப்பின் அவ்விருப்பமே முதலிற் கருதப்படும். நியமனம் பெற விரும்புவோரின் குற்றப் பதிவும் கடன் வரலாறும் விசாரிக்கப்படும். வீரரின் பணம் தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும்; பொறுப்பாளர் தம் பணத்தோடு அதைக் கலத்தல் கூடாது. அதிலிருந்து கடன் எடுத்தலும், பிறருக்குக் கடன் கொடுத்தலும் கூடா. கட்டணம் அனுமதிக்கப்படுமிடத்து அது மாத உபகாரப் பணத்தில் நூற்றுக்கு நான்கு வீதத்துக்கு மேற்படலாகாது. கையிலுள்ள தொகை 25,000 டொலருக்கு மேற்படுமாயின், மனைவி, வங்கி போன்ற விலக்குப் பெற்றோர் தவிர்ந்த ஏனையோர் பிணைமுறி வைத்தல் வேண்டும். பெருந்தொகையைக் கையாள்வோர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவதும் கடமை.

இத்துணை விதிகள் இருந்தும் முறைகேடு நிகழ்வது எவ்வாறு? பெரும்பாலும் அது சிறு அளவிலேயே தொடங்குகின்றது. வீரருக்கென வாங்கிய பொருள்களோடு பொறுப்பாளர் வீட்டுப் பொருளும் ஒரே பற்றுச்சீட்டில் ஏறுகின்றது. இம்மாதம் எடுத்ததை அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்ற எண்ணம் பிறக்கின்றது. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா?' என்ற பழமொழி அவருக்குத் துணை நிற்கின்றது. பழமொழி மனித இயல்பைச் சொல்கின்றது. அதற்கு அனுமதி வழங்கவில்லை. வீரருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ பயன்படாத எச்செலவும் முறைகேடே என்று சட்டம் விளக்குகின்றது. நம்பிக்கை மோசடி செய்த பொறுப்பாளருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு.

எனினும், குற்றவாளி சிறை செல்வதனால் மட்டும் வீரரின் அடுப்பு எரிந்துவிடாது. அவர் இழந்த பணத்தை யார் கொடுப்பது? இவ்விடயத்தின் உயிர்நிலை இதுவேயாகும். 2004ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அரைகுறையான விடையையே அளித்தது. பொறுப்பாளர் ஒரு நிறுவனமாகவோ, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பயனாளரின் பணத்தைக் கவனிக்கும் தனியாளாகவோ இருப்பின், கையாடப்பட்ட தொகையை அரசாங்கம் திருப்பித் தரும். ஏனையோர் விடயத்தில், திணைக்களம் தன் கடமையிற் கவனக்குறைவாக இருந்தது தெளிவானால் மட்டுமே பணம் மீளும். வரவேண்டிய கணக்கை உரிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பரிசீலிக்கத் தவறுதல் அத்தகைய கவனக்குறைவுக்கு ஓர் உதாரணம்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். இரு வீரர் ஒரே போர்முனையில் ஒரே வகையான காயம் பட்டவர்கள். ஒருவரின் பணத்தைப் பத்துப் பேருக்குப் பொறுப்பான ஒருவர் கையாடினார். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. மற்றவரின் பணத்தை அவருடைய மருமகனே கையாடினான். திணைக்களத்தின் தவறு தெளிவாகாவிடின் அவருக்குக் கிடைப்பது அனுதாபம் மட்டுமே. இருவரும் தம் பொறுப்பாளருக்கு அதிகாரம் வழங்கியவர்கள் அல்லர்; இருவருக்கும் பொறுப்பாளரை நியமித்தது அரசாங்கமே. அங்ஙனமாயின் இழப்பில் மட்டும் வேறுபாடு ஏன்? இந்த அநீதி 2021ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தினால் நீக்கப்பட்டது. பொறுப்பாளர் யாராயினும், முறைகேடு நிகழ்ந்ததென்று தீர்மானிக்கப்பட்டால் வீரருக்குரிய தொகையை அரசாங்கம் திருப்பி வழங்கும். பின்னர் அத்தொகையைக் கையாடியவரிடமிருந்து அறவிட முயலும். நியமித்த கையே நட்டத்தையும் தாங்க வேண்டும் என்ற நீதி இவ்வாறு நிலைபெற்றது. நட்டம் தன்னைச் சாரும் என்று அறிந்த திணைக்களம் கணக்குகளை விழிப்போடு பார்க்கும் என்பது இதனால் விளையும் மற்றொரு நன்மை.

வீரரின் குரலுக்கும் இடம் வேண்டும். பொறுப்பாளர் நியமனம் திணைக்களத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்ய இயலாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2011இல் முன்னாட் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேன்முறையீட்டு நீதிமன்று அவ்வுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பணத்தை எண்ண இயலாதவர் தமக்குத் தீங்கு செய்பவரை அறியவும் இயலாதவர் என்று கொள்வது தவறு.

சட்டம் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது மனிதர் கையில் உள்ளது. மாதந்தோறும் பணம் வந்தும் வீட்டு வாடகை நிலுவையில் நிற்கின்றதா? மருந்து வாங்கப்படவில்லையா? கிழிந்த உடையோடு முதியவர் திரிகின்றாரா? பொறுப்பாளர் அவரைப் பார்க்க வருவதேயில்லையா? இவற்றை முதலிற் காண்பவர் அதிகாரி அல்லர். அயலவரும், மருத்துவத் தாதியும், பழைய படைத்தோழருமே. அவர்கள் கண்டதைத் திணைக்களத்துக்கு அறிவித்தால் விசாரணை தொடங்கும். நேர்மையான பொறுப்பாளருக்கு அதனால் இழுக்கு எதுவும் இல்லை. காட்டுவதற்குக் கணக்கு அவரிடம் இருக்கும். கணக்குக் கேட்டலை அவமதிப்பாகக் கருதும் பழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். கேட்க இயலாத ஒருவருக்காகக் கேட்பது, அவர் தம் நாட்டுக்குச் செய்த சேவைக்குச் செலுத்தும் கடன்களுள் மிகச் சிறியதே.