இயந்திரமும் பறவையும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சினிமாப் படமொன்றைப் பற்றிப் பேச இந்த மேடை ஏற்றதா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் நம் வாலிபர் விஞ்ஞானத்தைப் பற்றிக் கொள்ளும் கருத்துக்களிற் பாதி படமாளிகையிலே பிறக்கின்றன. அவற்றை நாம் ஆராயாமல் விட்டால் வேறு யார் ஆராய்வது? ஆகவே 2018 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆந் திகதி வெளியான "2.0" என்னும் தமிழ்ப் படத்தை இன்று எடுத்துக்கொண்டோம். படம் வந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் மன்னார்த் தீவில் வாழும் நமக்கு அந்தப் படத்தில் ஒரு சேதி இருக்கிறது. அதைப் பின்னாற் சொல்வோம்.

முதலில் வரலாறு. மனிதன் தன் கையாற் செய்த உயிர் தன்னையே எதிர்க்கும் என்ற கதை புதியதன்று. மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 1818 இல் "பிராங்கன்ஸ்டைன்" நாவலை வெளியிட்டார். செக் நாட்டுக் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகமே "ரோபோ" என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது. தமிழிலே இத்துறையைப் பாமரரும் விரும்பும்படி செய்தவர் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய "என் இனிய இயந்திரா"விலே வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்தவர் உண்டோ? 2010 ஒக்டோபர் முதலாந் திகதி வெளியான "எந்திரன்" படத்திலும் அவருடைய கை இருந்தது. படம் திரைக்கு வருமுன்பே, 2008 இல், அவர் மறைந்துவிட்டார்.

சங்கர் இயக்கிய அந்த முதற் படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வசீகரன் என்ற விஞ்ஞானி சிட்டி என்ற இயந்திர மனிதனைச் செய்கிறார். இருவராகவும் நடித்தவர் ரஜினிகாந்த். சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது. உணர்ச்சியோடு காதலும் வருகிறது. பின் தீயவன் ஒருவன் ஒரு சிவப்புச் சில்லைப் பொருத்த, அது அரக்கனாகிறது. முடிவில் நீதிமன்றத்தின் கட்டளைப்படி சிட்டி தன் உறுப்புக்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. நூதனசாலையிலே அந்தத் தலையைப் பார்த்து ஒரு பிள்ளை காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அது விடை சொல்கிறது. பெரிய ஆரவாரமெல்லாம் செய்த படம் அந்த ஓர் இடத்திலே நம்மைச் சும்மா இருக்கவைத்தது.

எட்டு ஆண்டுகளின் பின் வந்த "2.0" அந்தத் தலையை மீண்டும் உடலோடு பொருத்துகிறது. ஊரெல்லாம் மக்களின் கையிலிருந்த கைத்தொலைபேசிகள் வானத்திற் பறந்து மறைகின்றன. பின்பு அவை ஒன்றுகூடிப் பிரமாண்டமான பறவையாகி, தொலைபேசி வணிகரையும் மந்திரியையும் கொல்கின்றன. இராணுவத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டத்தாற் கலைக்கப்பட்ட சிட்டி திரும்ப அழைக்கப்படுகிறது.

அந்தப் பறவையின் உள்ளே இருப்பவர் யார்? பட்சிராஜன் என்னும் முதியவர். பறவைகளை ஆராய்ந்து வாழ்ந்தவர். இந்தியாவின் பறவையியல் அறிஞர் சலீம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் அக்ஷய் குமார் நடித்திருக்கிறார். தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சாற் பறவைகள் மடிகின்றன என்று அவர் மனுக் கொடுக்கிறார், வழக்காடுகிறார், தெருவில் நின்று கெஞ்சுகிறார். கேட்பாரில்லை. ஈற்றில் ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். அவருடைய ஆவியும் இறந்த பறவைகளின் ஆவியுமே பழிவாங்க வந்தன.

குறை கூறுமுன் நிறை கூறுவது முறை. தொலைபேசிகள் அலை அலையாகச் சுவரிலும் வீதியிலும் ஊர்ந்து வரும் காட்சி மெய்யாகவே கண்கொள்ளாதது. முப்பரிமாணத்திலேயே நேராகப் படம்பிடித்து இவ்வளவு பெரிய வேலையைத் தமிழிலே முடித்தது சாதனைதான். ரஹ்மானின் இசையும் ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பும் சோடை போகவில்லை. முதியவரின் முன்கதை வரும் பகுதியோ படத்தின் உயிர். குஞ்சொன்றைக் கையில் ஏந்தி அவர் நிற்கும்போது, இயந்திரமும் இரைச்சலும் எங்கோ போய்விடுகின்றன.

இனிக் குறைகளைச் சொல்வோம்.

முதலாவது. எந்தச் சிவப்புச் சில்லு 2010 இல் நாசத்தின் வித்தாக இருந்ததோ, அதே சில்லு 2018 இல் இரட்சகனாக வருகிறது. அடக்கமுள்ள சிட்டி தோற்கிறது. அடங்காத சிட்டியே வெல்கிறது. சிந்திக்கத் தொடங்கிய இயந்திரத்தை என்ன செய்வது என்று முன்னே கேட்ட கேள்வி எங்கே போயிற்று? பழைய கதையைப் புதுப்பிப்பவர் பழைய பாத்திரங்களை மாத்திரம் கொண்டுவந்தாற் போதாது. பழைய கேள்வியையும் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, விஞ்ஞானம். கைத்தொலைபேசிக் கதிர் பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மையன்று. இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் படத்தை எதிர்த்து அப்போதே முறையிட்டது. ஆயினும் முழுவதும் கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது. ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தார் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நகரத்து மின்காந்த இரைச்சலின் நடுவே ரொபின் என்னும் சிறு பறவை திசை மயங்கிற்று. அதன் குடிலை அலுமினியத் தகட்டால் மூடியதும் திசையறிவு திரும்பிற்று. ஆனால் அந்த இரைச்சல் மத்திய அலை வானொலியை ஒத்த அலைகளைச் சேர்ந்தது; கைத்தொலைபேசியின் அலை அதனினும் மிக உயர்ந்தது. வேறோர் ஆய்வு 2012 இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடர்புக் கோபுரங்களிலும் அவற்றைத் தாங்கும் கம்பிகளிலும் மோதி ஆண்டுதோறும் ஏறக்குறைய 68 இலட்சம் பறவைகள் மடிகின்றன என்று அது கணக்கிட்டது. இரவிலே அணையாமல் எரியும் சிவப்பு விளக்கு பறவைகளை மயக்கி இழுக்கிறது. அணைந்து அணைந்து எரியும் விளக்கை வைத்தாற் சாவு பெரிதும் குறைகிறது. பார்த்தீர்களா! கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பழித்த படம், கண்முன்னே நிற்கும் இரும்பையும் விளக்கையும் மறந்துவிட்டது.

மூன்றாவது குறையே பெரியது. பறவைகளுக்காகப் பேசிய ஒரே மனிதனைப் படம் அரக்கனாக்கி, அடித்து நொறுக்கி, அதன் பின்பு அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று வசீகரன் வாயாற் சொல்லவைக்கிறது. நியாயம் உண்டானால் உயிரோடிருந்தபோதே கேட்டிருக்கலாமே! இராமகாதையிலே சடாயு அநீதியை எதிர்த்துச் சிறகிழந்து வீழ்ந்தான். இராமனோ அவனைத் தந்தையாக எண்ணி ஈமக்கடன் செய்தான். நம் முன்னோர் பறவைக்குக் கொடுத்த இடம் அது. பட்சிராஜன் என்பது கருடனுக்கே உரிய பெயர். அப்பெயரைச் சூட்டி அவனைப் பேயாக்கியது பொருந்துமா? இன்னுமொரு வேடிக்கை: படத்தைத் தயாரித்தது இலங்கைத் தமிழர் ஒருவர் நிறுவிய லைக்கா, அதன் மூலத் தொழில் கைத்தொலைபேசிச் சேவை!

நண்பர்களே, இனி மன்னாருக்கு வருவோம்.

வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நம் கரைக்கு வரும் விருந்தாளிகளை நாம் அறிவோம். பூநாரைகள் களப்பிலே வரிசை வரிசையாக நிற்கும். ஊசிவால் வாத்துக்களும் ஆலாக்களும் வந்து சேரும். வங்காலைச் சரணாலயம் 2008 இற் பிரகடனமாகி, 2010 இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடித் தங்குமடங்களிலே நமது மன்னாரும் ஒன்று.

அதே தீவின் தென்கரையில், 2020 டிசம்பரில், "தம்பபவனி" காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. முப்பது ஆலைகள்; மொத்தம் 103.5 மெகாவாட். நிலக்கரிப் புகையில்லாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. 2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் இருந்த நாம் அதை மறுக்கமாட்டோம். பின்பு மன்னாரில் 250 மெகாவாட் அளவில் அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. 2024 இல் சூழல் அமைப்புக்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

இந்த வழக்கிலே எவரும் அரக்கரல்லர். மின்சாரம் கேட்பவனும் மனிதன். பறவைக்காகவும் தன் வளவில் தேங்கும் வெள்ளத்துக்காகவும் பேசுபவனும் மனிதன். படமோ ஒருவரை மற்றவர் நொறுக்க வேண்டும் என்கிறது. நாம் அப்படிச் செய்யலாகாது.

வழி உண்டா? உண்டு. நம் கடற்றொழிலாளரைக் கேளுங்கள்: பலத்த காற்று எப்போது என்றால், சோளகம் என்பார்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகத்திலேதான் காற்றாலையின் பெரிய அறுவடை. தூரதேசப் பறவைகள் நிறைந்திருப்பதோ வாடைக் காலத்தில். வாடையிலும் காற்று உண்டுதான். ஆயினும் பறவைக் கூட்டம் வரும் வேளைகளில் ஆலையை நிறுத்துவதால் வரும் நட்டம், சோளகத்தில் நிறுத்துவதைவிடக் குறைவே. கூட்டம் வருவதை ராடார் கொண்டு அறிந்து ஆலையை நிறுத்தும் முறை உலகில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மின்கம்பிகளிற் பறவைக்குத் தெரியும் அடையாளங்களைத் தொங்கவிடலாம். ஆலையை எங்கே நடுவது, எங்கே நடலாகாது என்பதை நடுவதற்கு முன்னே பேசலாம்.

படத்தின் முடிவிலே சின்னஞ்சிறு சிட்டிகள் புறாக்களின் மேல் ஏறிவந்து பட்சிராஜனை மடக்குகின்றன. மன்னாரிலும் இயந்திரம் பறவையின் முதுகில் ஏறியதுண்டு! கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் இங்கே சிறிய செய்மதிக் கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகங்கள், ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்றன. எந்த வழியாற் போகிறாய், எங்கே இளைப்பாறுகிறாய் என்று பறவையிடம் பணிவாய்க் கேட்ட இயந்திரம் அது. பல கோடி ரூபாய்க் காட்சியைவிட அந்தச் சின்னக் கருவியே நமக்கு அழகாகத் தோன்றுகிறது.

ஆகவே சங்கத்து வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி வாங்குங்கள். வாடை தொடங்கும் நாள்முதல் மாதம் இருமுறை களப்புக் கரைக்குப் போய், என்ன பறவை, எத்தனை, எங்கே என்று எழுதுங்கள். கம்பியின் கீழும் ஆலையின் கீழும் இறந்து கிடப்பவற்றையும் ஒளிக்காமல், கூட்டாமல், குறைக்காமல் எழுதுங்கள். ஐந்து வருடத்துக் கணக்கு நம் கையில் இருந்தால், மந்திரியாயினும் கம்பனியாயினும் நம்மோடு இருந்து பேசத்தான் வேண்டும். படத்து முதியவர் தனித்து நின்றார். அதனாலேயே அவர் குரல் எடுபடவில்லை. நம் ஊரில் அப்படி ஒருவர் எழுந்து பேசினால், அவர் கோபுரத்தை நாடிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நாமும் உட்காருவோம்.