கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு வாசல்

(நூற்றாண்டு விழா வாரத்தில், உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்குமான கருத்தரங்கில் பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் மூவரும் இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றவர்கள். மூவரும் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தோம். மூவருக்கும் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. “பிள்ளை இப்ப என்ன செய்யுது?” என்று யாராவது கேட்டால் அம்மாமார் கதையை மாற்றிய வருடம் அது. பிறகு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ‘கொமியூனிற்றி கொலிஜ்’ என்று சொல்லப்படும் சமுதாயக் கல்லூரிகளில் படித்தோம். இருவர் அங்கிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றோம். ஒருத்தி இடைநடுவில் திரும்பி வந்தாள். அவளுடைய கதையைச் சொல்லாமல் இந்த உரையை ஆற்றுவதில்லை என்று மூவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம்.

முதலில் பெயரில் உள்ள மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். நமது ஊரில் கல்லூரி என்றால் பாடசாலை. அதனால் “பிள்ளை கொலிஜுக்குப் போகுதாம்” என்றதும், திரும்பவும் பள்ளிக்கூடமா என்று சிரித்தவர்கள் உண்டு. அங்கே சமுதாயக் கல்லூரி என்பது பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் கற்பிக்கும் பொது நிறுவனம். இவற்றுக்கு முன்னோடி 1901இல் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில், ஓர் உயர்நிலைப் பாடசாலைக்குள்ளேயே, ஆறு மாணவர்களுடன் ஆரம்பித்தது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு படித்து, தேவையான பாடங்களில் நல்ல புள்ளி எடுத்தால், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவியாகச் சேரலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், ஏர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்ரா பார்பரா, சான்ரா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடம் தருவதாக முன்கூட்டியே உறுதி எழுதித் தருகின்றன. வெளிநாட்டு மாணவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கடைசியில் கையில் கிடைக்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்கும்.

அங்கே நாங்கள் கற்றது பாடம் மட்டும் அல்ல. எங்கள் வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளையும், இரவு வேலை முடித்து வந்த தாயும், இராணுவத்தில் இருந்து விலகியவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். வியட்நாமியரும் மெக்சிக்கரும் ஈரானியரும் எங்கள் குழுவில் வேலை செய்தார்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கையை உயர்த்தி, “எனக்கு இது விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று கேட்பார். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நாங்களோ விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையாட்டப் பழகியவர்கள். ஆசிரியர் கிழமைதோறும் தமது அறையில் மாணவருக்கென்று சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார். அங்கே போவது குற்றம் செய்தவர்கள்தான் என்று நினைத்து, முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தோம்.

அந்தப் பயம் எங்களில் ஒருத்திக்கு மிகுந்த விலை வைத்தது.

வெளிநாட்டு மாணவர் எஃப்-1 விசாவில் படிப்பவர். தவணை ஒன்றில் குறைந்தது 12 யூனிற் படிக்கவேண்டும் என்பது சட்டம். அதிலும் இணையவழிப் பாடம் என்றால் ஒன்று மட்டுமே அந்தக் கணக்கில் சேரும். இவளுக்கு முதல் தவணையிலேயே இரசாயனவியல் விரிவுரையின் வேகம் பிடிபடவில்லை. “தோற்பதைவிடப் பாடத்தை விட்டுவிடு” என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அந்தத் தோழி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். அவளுக்கு அது வெறும் பாடம். இவள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். 12 யூனிற் 8 ஆயிற்று. யாரிடமும் கேட்கவில்லை. சில கிழமைகளில் அவளுடைய மாணவர் பதிவு முடிவுறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது.

இதிலே வேதனை என்னவென்றால், அவளைப் போன்றவர்களுக்காகவே விதியில் ஒரு வழி இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு ஆங்கிலத்தாலோ, அமெரிக்கக் கற்பித்தல் முறையாலோ ஆரம்பத்தில் சிரமம் ஏற்பட்டால், வெளிநாட்டு மாணவர் அலுவலர் பாடச்சுமையைப் பாதிவரை குறைக்க அனுமதிக்கலாம். ஆனால் பாடத்தை விடுவதற்கு முன் கேட்கவேண்டும். ஒரு கதவைத் தட்டி, ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதிவை மீளப்பெற விண்ணப்பிக்கவும் வழி இருந்தது. அதற்குப் பணமும் இல்லை, காத்திருக்கத் தெம்பும் இல்லை. அப்பா ஈடு வைத்த தோட்டக் காணியை மீட்க ஏழு வருடம் சென்றது. இன்று அவள் இங்கே ஒரு நல்ல தொழிலில் இருக்கிறாள். எங்களோடு இந்த மேடையிலும் நிற்கிறாள்.

ஆகவே, தங்கைகளே, போக விரும்பினால் இந்த ஒழுங்கை மனதில் வையுங்கள். கல்லூரி அங்கீகாரம் பெற்றதா, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அமெரிக்க அரசின் அனுமதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். பரீட்சைப் பெறுபேறுகளோடு, தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்றும் கேட்பார்கள். முதலாண்டுச் செலவுக்குப் பணம் உண்டு என்பதற்கு வங்கிச் சான்று வேண்டும். இவை சரியானால் கல்லூரி ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். அதன்பின் செவிஸ் கட்டணம் 350 டொலர் கட்டி, கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்முகத்துக்குப் போகவேண்டும். படிப்புத் தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன் நாட்டுக்குள் நுழையமுடியாது. விடுமுறைக்கு ஊர் வருவதானால், புறப்படுமுன் ஐ-20இல் அலுவலரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோர்களே, பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். கலிபோர்னியாவில் வசிப்போருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிற்றுக்குக் கட்டணம் 46 டொலர். எங்களுக்கு ஒரு முகவர் அந்தக் கணக்கைத்தான் காட்டினார். வெளிநாட்டு மாணவர் கட்டுவது அதைப் போலப் பல மடங்கு. அங்கே பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் விடுதி இல்லை. வாடகையும் சாப்பாடும் மருத்துவக் காப்புறுதியும் தனி. அமெரிக்க அரசின் கல்வி உதவிப்பணம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. “போனால் வேலை செய்து கட்டலாம்” என்பதை நம்பாதீர்கள். தவணை நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். மாமாவின் கடையில் கைக்காசுக்கு நிற்பதும் சட்டமீறல்தான். வங்கிக் கணக்கில் கைமாற்றுப் பணத்தைப் போட்டுக் காட்டிப் பொய்ச் சான்று எடுப்பது வாழ்நாள் தடைவரை கொண்டுபோய்விடும்.

ஒரு வருடச் செலவு மட்டும் கையில் இருந்தால் பொறுங்கள். உள்நாட்டிலேயே திறந்த பல்கலைக்கழகம் முதலான வழிகள் இருக்கின்றன. அவற்றில் எந்தக் குறைவும் இல்லை. போவதென்று துணிந்தால், கொழும்பில் இலங்கை-அமெரிக்க ஃபுல்பிறைற் ஆணைக்குழுவின் ‘எடியுகேஷன் யூஎஸ்ஏ’ ஆலோசனை நிலையத்தை முதலில் நாடுங்கள். முகவருக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் படிவங்களை நீங்களே வாசியுங்கள். அண்ணா நிரப்பினார், மாமா பார்த்தார், முகவர் அனுப்பினார் என்று விட்டுவிடாதீர்கள். கையொப்பம் உங்களுடையது; அங்கே பதில் சொல்லப்போகிறவளும் நீங்கள்தான்.

இந்தக் கல்லூரி எங்களுக்கு அடக்கத்தையும் ஒழுங்கையும் தந்தது. அவற்றுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அடக்கம் என்பது வாய் திறவாமை அல்ல என்பதைக் கடல் கடந்து போய்த்தான் படித்தோம். அதை நீங்கள் இங்கேயே, நாளைக் காலை வகுப்பிலேயே படித்துவிடவேண்டும் என்பதே எங்கள் ஆசை. விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள். ஆசிரியைகளே, உயர்த்துகிற கைகளைத் தட்டிக்கொடுங்கள்.

இன்றைக்கே தொடங்கலாம். இன்னும் அரைமணி நேரம் இங்கே இருப்போம். முதல் கேள்வியை யார் கேட்கப் போகிறீர்கள்?