மணல்தொட்டியும் அனுமதிச் சீட்டும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நம் படிப்பகத்துக் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு பணித்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. நம் படிப்பகத்துக் கணிப்பொறியோ பழையது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அதற்கு இல்லை. புதியது வாங்கச் சங்க நிதி இடந்தராமையால் அதில் லினக்ஸ் நிறுவப்பட்டது. காலனியில் பல இல்லங்களிலும் அவ்வாறே செய்துள்ளனர். பின்னர் நம் இளைஞர் இருவர் இங்குள்ள குழந்தைகளுக்காக அரிச்சுவடிச் செயலி ஒன்றைத் தாமே எழுதி, அதனைப் பிளாட்பேக் என்னும் முறையில் பொதியாகக் கட்டிக் கொணர்ந்தனர். அப் பொதிக்கு எவ்வெவ் அனுமதிகளை வழங்குவது என்பதில் செயற்குழு இரண்டு கூட்டங்கள் வாதிட்டது. அவ் வாதத்தில் எழுந்த ஐயங்களை விளக்குவதே இப் பேச்சின் நோக்கம்.

“அரிச்சுவடிதானே, அதற்கு எதற்கு இத்தனை காவல்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அக் கணிப்பொறியில் வேறு என்னென்ன உள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் பதிவேடும் வீட்டு முகவரிகளும் உள்ளன. வரன் பார்ப்பதற்காகப் பெற்றோர் நம்பிக் கொடுத்த ஜாதகங்கள் உள்ளன. பென்ஷன் விண்ணப்பங்களுக்காக ஸ்கேன் செய்த ஆதார் நகல்களும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும் உள்ளன. இவையெல்லாம் ஒரே பயனரின் கணக்கில், ஒரே வீட்டு அடைவில் இருக்கின்றன.

லினக்ஸ் பாதுகாப்பானது என்று பலரும் கூறுவர். அது ஓரளவே உண்மை. ஒரு பயனரின் கோப்பை மற்றொரு பயனர் தொடாதவாறு அது காக்கும். ஆனால் ஒரு பயனரின் கோப்புகளை அவரே இயக்கும் செயலிகளிடமிருந்து அது தானாகக் காப்பதில்லை. நாம் இயக்கும் செயலி நம் பெயரிலேயே இயங்குகிறது. நாம் படிக்கக்கூடிய அனைத்தையும் அதுவும் படிக்கலாம், நாம் அழிக்கக்கூடிய அனைத்தையும் அதுவும் அழிக்கலாம். வழக்கமான முறையில் நிறுவினால், அகரம் கற்பிக்கும் செயலி ஜாதகப் பதிவேட்டையும் திறக்க வல்லதாகும். திறக்குமா என்பது வேறு. திறக்க வல்லது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

நம் இளைஞர்கள்மீது ஐயம் கொண்டு இதனைச் சொல்லவில்லை. ஒரு செயலியில் அதனை எழுதியவரின் எழுத்து சிறு பங்கே. எஞ்சியவை பிறர் எழுதிய நூலகங்கள். 2024 மார்ச்சில் நிகழ்ந்ததைச் சிலர் படித்திருக்கலாம். எக்ஸ்-இசட் என்னும் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும் நேரம் சற்றே நீள்வதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். நற்பெயர் பெற்ற பொருளிலும் நஞ்சு கலக்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆகவே எழுதியவர் நல்லவர் என்பதோடு நின்றுவிடாமல், செயலி எதனைத் தொட முடியும் என்பதற்கு ஓர் எல்லை வகுப்பது அறிவுடைமையாகும்.

அந்த எல்லைக்குத்தான் மணல்தொட்டி என்று பெயர். தொட்டிக்குள் குழந்தை எப்படி வேண்டுமானாலும் விளையாடலாம். மணல் கூடத்துக்கு வாராது. பிளாட்பேக் அத்தகைய ஓர் ஏற்பாடு. அலெக்ஸாண்டர் லார்சன் என்பவர் எக்ஸ்-டி-ஜி ஆப் என்னும் பெயரில் தொடங்கிய இம் முயற்சி 2016-இல் பிளாட்பேக் எனப் பெயர் மாறி, 2018 ஆகஸ்டில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. பிளாட்ஹப் என்பது இப் பொதிகளின் பெரிய பண்டகசாலை.

இதன் உள்ளமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். முன்னெல்லாம் ஒரு செயலி தனக்கு வேண்டிய நூலகங்களைக் கணிப்பொறியிடமே கேட்கும். உபுண்டுவில் ஒரு பதிப்பு, ஃபெடோராவில் வேறு பதிப்பு என்றிருப்பதால், ஓரிடத்தில் இயங்கியது மற்றோரிடத்தில் இயங்காது. பிளாட்பேக்கில் நூலகங்கள் அடங்கிய அடித்தளம் ஒன்று தனியே இறங்கும். செயலி அதன்மேல் நிற்கும். ஒரே அடித்தளத்தைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளலாம். முதற்செயலியை நிறுவும்போது பல நூறு மெகாபைட் இறங்குகிறதே என்று ஒரு தாய்மார் முறையிட்டார். அது பெரும்பாலும் அடித்தளத்தின் எடை. அடுத்த செயலி அதே அடித்தளத்தைக் கேட்டால் அவ்வளவு மீண்டும் இறங்காது.

செயலியை இயக்கும்போது பபிள்ராப் என்னும் சிறு கருவி கெர்னலின் துணையால் அதற்கென ஒரு தனி உலகை அமைக்கிறது. அவ்வுலகில் அடித்தளம் தெரியும். செயலியின் சொந்தக் கோப்புகள் தெரியும். தன் குறிப்புகளை எழுதி வைக்க அதன் பெயரில் ஒரு தனி அடைவு தெரியும். நம் வீட்டு அடைவு தெரியாது. பிற செயலிகள் இயங்குவதும் தெரியாது. அனுமதி இல்லையேல் இணையமும் இல்லை.

இனி, பொதி கட்டும் முறை. மேனிஃபெஸ்ட் எனப்படும் சரக்குப் பட்டியல் ஒன்றே இதில் தலையாயது. பொதியின் பெயர், அது நிற்கும் அடித்தளமும் அதன் பதிப்பும், கட்டுவதற்கான கருவித்தொகுதி, தொடங்க வேண்டிய கட்டளை, மூலப் பொருள்கள், கேட்கும் அனுமதிகள் ஆகிய யாவும் அதில் எழுதப்படும். இணையத்திலிருந்து கொணரும் ஒவ்வொரு மூலக் கட்டுக்கும் அதன் செக்சம் எண்ணையும் குறிக்க வேண்டும். வந்த பொருள் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் பொருந்தாது, வேலை அங்கேயே நிற்கும். எல்லாவற்றையும் இறக்கி முடித்தபின், கட்டும் வேலை இணையத் தொடர்பின்றியே நடைபெறும். பார்சல் ஆபீசில் காலம் கழித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பிடித்துப்போவதில் வியப்பில்லை.

நம் இளைஞர்கள் க்னோம் அடித்தளத்தைத் தேர்ந்தனர். ஆறு திங்களுக்கு ஒன்றாக வெளிவரும் அவ் அடித்தளம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓராண்டே பேணப்படும். ஆதலின் ஆண்டுதோறும் பட்டியலில் பதிப்பு எண்ணை மாற்றிப் பொதியை மீண்டும் கட்டியாக வேண்டும். அவ்விருவருள் ஒருவர் வேலை கிடைத்து வேற்றூர் செல்லவிருக்கிறார். இப் பணியைக் கற்றுக்கொள்ள இன்னும் இருவர் முன்வர வேண்டும் என்பதை இங்கேயே கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது விவாதத்தின் மையத்துக்கு வருகிறோம். பட்டியலின் அனுமதிப் பகுதியில் இளைஞர்கள் முதலில் எழுதியிருந்தவை: திரை, ஒலி, இணையம், வீட்டு அடைவு முழுவதும். ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாப் பட்டியல்களிலும் இப்படித்தான் இருக்கிறது, மாமா” என்றார் இளையவர். அவர் சொன்னது பொய்யன்று. பெயர்பெற்ற பெரிய செயலிகள் பலவும் வீட்டு அடைவையோ, அதனினும் மேலாகக் கணிப்பொறியின் கோப்புகள் அனைத்தையுமோ கேட்கின்றன.

வீட்டு அடைவு முழுவதையும் எழுதும் உரிமையோடு கொடுத்துவிட்டால், அங்கு மணல்தொட்டி என்பது பெயரளவே. ஜாதகங்களைப் படிக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, அந்த அடைவில் நாம் டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் தானே இயங்கும் தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. செயலி அக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், அடுத்த முறை அவ் வரி தொட்டிக்கு வெளியே நம் முழு உரிமையோடும் இயங்கும். வேகனுக்கு இருபுறமும் கதவு உண்டு. ஒரு புறத்துக்கு மட்டும் சீல் வைத்துவிட்டு, சீல் வைத்தாயிற்று என்று எந்தக் குட்ஸ் கிளார்க்கும் எழுதமாட்டார். அமர்வுப் பேருந்து எனப்படும் உள்தொடர்பு வழியை முழுமையாகத் திறந்துவிடும் அனுமதியும், பிளாட்பேக் சேவையோடு நேரே பேசும் அனுமதியும் இத்தன்மையவே. அவற்றைப் பெற்ற செயலி வெளியே கட்டளைகளை இயக்கச் செய்யலாம். இவ் இரண்டையும் ஒரு பட்டியலில் கண்டால் காரணம் கேட்காமல் விடுதல் கூடாது.

அப்படியாயின் கோப்பே தேவைப்படும் செயலி என்ன செய்யும்? அதற்குத்தான் போர்ட்டல் என்னும் வாயில்கள் உள்ளன. குழந்தை தான் எழுதிய எழுத்தைப் படமாகச் சேமிக்க விரும்புகிறது எனக் கொள்வோம். செயலி வாயிலிடம் கேட்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் தொட்டிக்கு வெளியே தோன்றுகிறது. நாம் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கோப்பு மட்டும் செயலியின் கைக்கு வருகிறது. அருகிலுள்ள மற்றவை அதன் கண்ணிற் படுவதில்லை. தேர்வு செய்ததே அனுமதி; வேறு கேள்வி இல்லை. அச்சிடுவதற்கும் இவ்வாறே ஒரு வாயில் உண்டு. இதனை இளைஞர்களுக்கு எடுத்துக்காட்டியபோது, வீட்டு அடைவு அனுமதியை அவர்களே அடித்துவிட்டனர். செயலி ஒரு குறையுமின்றி இயங்கிற்று.

எல்லாச் செயலிக்கும் இது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. திரைப்படம் காட்டும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படத்தை அண்டை வீட்டாருடன் காணும்போது ஆங்கில வசனக் கோப்பும் உடன் வேண்டும். வாயில் வழியாகப் படத்தை மட்டும் கொடுத்தால், பக்கத்திலிருக்கும் வசனக் கோப்பு செயலிக்குத் தெரியாது. பெரிய செயலிகள் விரிந்த அனுமதி கேட்பதற்கு இத்தகைய தொல்லைகளே பெரும்பாலும் காரணம். தீய எண்ணம் அன்று. அங்கே நடுவழி ஒன்று உண்டு. காணொளி அடைவை மட்டும், அதுவும் படிக்க மட்டும், கொடுக்கலாம்.

இணைய அனுமதி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இன்ன தளத்துக்கு மட்டும் என்று அங்கே வரையறுக்க இயலாது; உண்டு அல்லது இல்லை. அரிச்சுவடிக்கு இணையம் எதற்கு? நீக்கப்பட்டது.

ஒலியில்தான் உண்மையான சிக்கல். ‘அ’ என்று செயலி உச்சரித்துக் காட்ட வேண்டுமாயின் பல்ஸ்ஆடியோ அனுமதி வேண்டும். அவ் அனுமதி வாயை மட்டும் திறப்பதன்று, செவியையும் திறப்பது. அதாவது, ஒலிபரப்பும் உரிமையோடு மைக்கில் பதிவு செய்யும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பிரித்து வழங்க அந்த அனுமதியில் வழியில்லை. படிப்பகத்துக் கணிப்பொறியில் மைக் இல்லாமையால் அங்குக் கவலை இல்லை. வீட்டு மடிக்கணினிகளில் மைக் உள்ளேயே உண்டு. இணையம் நீக்கப்பட்டிருப்பதால் கேட்டதை வெளியே அனுப்ப நேர்வழி இல்லை என்ற அளவில் குழு இதனை ஏற்றது. ஒரு செயலிக்கு ஒலியும் இணையமும் சேர்த்து வழங்கும் இல்லத்தார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

திரை அனுமதியிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய எக்ஸ் 11 முறையில் ஒரு செயலி மற்றொரு செயலியில் தட்டப்படும் எழுத்துகளை ஒற்றறிய முடியும். வேலண்ட் முறை அதனைத் தடுக்கிறது. வேலண்ட் இருந்தால் அது, இல்லையேல் எக்ஸ் 11 என்று பட்டியலில் எழுத வசதி உண்டு. நம் பொதியில் அவ்வாறே எழுதப்பட்டது. உங்கள் கணிப்பொறி எம்முறையில் இயங்குகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 11 ஆயின், வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும் நேரத்தில் அறியாத செயலிகளைத் திறந்து வைத்தல் வேண்டா.

தமிழ் என்னவாகும் என்ற கேள்வி மகளிர் பகுதியிலிருந்து வந்தது. எழுத்துருக்களுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. நம் கணிப்பொறியிலுள்ள தமிழ் எழுத்துருக்களை, நாம் வீட்டு அடைவின் எழுத்துரு அடைவில் சேர்த்தவை உட்பட, பிளாட்பேக் படிக்க மட்டும் உள்ளே காட்டிவிடும். ஐபஸ் வழியாகத் தமிழ் தட்டுவதற்கும் வாயில் உண்டு. ஆனால் செயலிகளின் தமிழ் மொழிபெயர்ப்பு தானே வருவதில்லை. கணிப்பொறி ஆங்கிலத்தில் அமைந்திருந்தால், இடம் மிச்சப்படுத்தும் பொருட்டு ஆங்கில மொழிக் கோப்புகளே இறங்கும். பிளாட்பேக்கின் அமைப்பில் மொழிப் பட்டியலில் தமிழையும் சேர்த்துப் புதுப்பித்தால், தமிழாக்கம் செய்யப்பட்ட செயலிகளில் அது வந்து சேரும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் திரையிலாவது தமிழைக் காணட்டும் என்று விரும்பும் இல்லத்தார் இந்த ஒரு வேலையை இன்றே செய்யலாம்.

இல்லந்தோறும் செய்யத்தக்கது இதுதான். நிறுவுமுன் செயலியின் அனுமதிகளைப் பாருங்கள். டெர்மினலில் நிறுவினால் பிளாட்பேக் அப் பட்டியலைக் காட்டியே ஒப்புதல் கேட்கும். நிறுவியபின் பிளாட்சீல் என்னும் செயலியில் ஒவ்வோர் அனுமதியையும் விளக்கைப் போல அணைக்கவும் ஏற்றவும் முடியும். பொதி கட்டியவர் கேட்டதை அப்படியே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை. நாம் இடும் மாற்றம், செயலி புதுப்பிக்கப்பட்டாலும் நிலைத்திருக்கும். ஒன்றை அணைத்து இயக்கிப் பாருங்கள். ஏதேனும் நின்றுபோனால் மீண்டும் ஏற்றிவிடலாம்.

அரிச்சுவடிப் பொதி இப்போது ஒரே கோப்பாகப் படிப்பகத்தில் உள்ளது. பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். அடித்தளம் அதனுள் இல்லை. முதன்முறை நிறுவும்போது மட்டும் பிளாட்ஹப்பிலிருந்து அது இறங்க இணையம் வேண்டும். பொதியின் சரக்குப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அனுமதிப் பகுதியில் எஞ்சியிருப்பவை திரையும் ஒலியும் மட்டுமே. ஞாயிறு மாலைகளில் இளைஞர்கள் படிப்பகத்தில் இருப்பர். உங்கள் மடிக்கணினிகளையும், உங்கள் ஐயங்களையும் உடன் கொண்டு வாருங்கள்.