உதைப்பது கடைசி வேலை!

(பட்டிமன்றத் தலைப்பு: சிக்கல் தீரப் பெரிதும் உதவுவது விடாமுயற்சியா? நிதானமா? 'நிதானமே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னார்? "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு, முட்டி மோது, கதவு திறக்கும்" என்றார். அம்மா, திறக்க வேண்டிய கதவை ஒருத்தன் முட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் போனவன் சொன்னான், "ஐயா, அந்தக் கதவு உள் பக்கமா திறக்காது, வெளிப் பக்கமா இழுக்கணும்." (சிரிப்பு) முட்டியவனுக்கு முயற்சி இல்லையா? இருந்தது. நெற்றியிலே வீக்கமும் இருந்தது. கதவைப் பார்க்கிற நிதானம்தான் இல்லை.

நடுவர் அவர்களே, நான் இலக்கியத்திலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பா கால்நடை மருத்துவர். 1978-ல் ஒரு புல்லட் வாங்கினார். 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ஆரம்பித்து, நம்ம திருவொற்றியூரில் செய்தார்களே, அந்த வண்டி. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு கிராமத்தில் பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தால், அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு புறப்படுவார். அந்த 'டப், டப், டப்' சத்தம் தெருக்கோடி தாண்டித் தேய்கிற வரைக்கும் எங்கம்மா வாசலிலேயே நிற்பார். விடியற்காலையில் அதே சத்தம் திரும்பக் கேட்டால்தான் காபிக்கு அடுப்பு பற்றும்.

2021-ல் அப்பா காலமானார். வண்டியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தி மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினோம். மூன்று வருஷம் யாரும் தொடவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் பார்வையும் மங்கிவிட்டது. ஒரு நாள் சொன்னார்: "டேய், அந்த வண்டிச் சத்தத்தை ஒரு தரம் கேட்கணும் போல இருக்குடா."

பெற்ற தாய் கேட்டுவிட்டார். பிள்ளை என்ன சாதாரணப் பிள்ளையா? முனைவர் பட்டம் வாங்கிய பிள்ளை! (சிரிப்பு) பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். புது பேட்டரி வாங்கி மாட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். உதைத்தேன்.

நடுவர் அவர்களே, உதைத்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். நாற்பது உதை! நாற்பத்தோராவது உதையில் அது என்னைத் திருப்பி உதைத்தது. (பலத்த சிரிப்பு) கணுக்கால் வீங்கிவிட்டது. என் மனைவி ஒத்தடத்துக்கு வெந்நீர் கொண்டு வந்தார். வைத்துக்கொண்டே கேட்டார், "ஏங்க, விடாமுயற்சியைப் பத்தி நேத்துத்தானே டி.வி.யில பேசினீங்க?" (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, அன்றைக்கு நான் உங்கள் அணி. நாற்பத்தோரு உதை, விடாமுயற்சி. பலன் என்ன? வீக்கம்!

திண்ணையில் இருந்து எங்கம்மா ஒரு வார்த்தை சொன்னார். "உங்கப்பா மாட்டை அடிச்சும் நான் பார்த்ததில்லை, வண்டியை இந்த மாதிரி உதைச்சும் பார்த்ததில்லைடா. என்னமோ பண்ணுவாரு, ஒரு தரம் அமுக்குவாரு, கிளம்பிடும்."

அந்த 'என்னமோ பண்ணுவாரு' என்பது என்ன? அதுதான் இன்றைய பட்டிமன்றம்.

மறுநாள் மெக்கானிக் பாய் வந்தார். அறுபது வயதுக்கு மேல். அப்பாவின் வண்டியை முப்பது வருஷம் பார்த்தவர். வந்தவர் வண்டியைத் தொடவே இல்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "சார், வண்டி கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் நீங்க என்னென்ன பண்ணீங்க?"

எனக்கு எரிச்சல். வண்டியைப் பார்க்கச் சொன்னால் என்னை விசாரிக்கிறாரே! சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், இந்த இன்ஜினுக்கு மூணே மூணு சாப்பாடு. காத்தோட கலந்த பெட்ரோல் வரணும். நேரத்துக்கு நெருப்புப் பொறி விழணும். உள்ளே அமுக்கம் இருக்கணும். மூணும் இருந்தா ஓடியே தீரும். ஓடலேன்னா மூணுல ஒண்ணு இல்லை. எது இல்லைன்னு தெரியாம உதைச்சா, கால்தான் போகும்."

அப்புறம்தான் எழுந்தார். கையால் கிக்கரை மெல்ல அழுத்தினார். நடுவில் கெட்டியாகத் தடுத்தது. "அமுக்கம் இருக்கு." ஒன்று முடிந்தது. பிளக்கைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "ஈரமா இருக்கு. பெட்ரோல் வருது. காய்ஞ்சிருந்தா பெட்ரோல் பாதையில அடைப்புன்னு அர்த்தம்." இரண்டு முடிந்தது. "ஆனா சார், நீங்க உதைக்க உதைக்க உள்ளே பெட்ரோல் கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்சம் இருந்தா பத்திக்கும். இவ்வளவு இருந்தா எங்க பத்தும்? அடுப்புல விறகை ஈரம் பண்ணிட்டு ஊதின மாதிரி."

நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்! என் முயற்சி வேலை செய்யாமல் இருந்தது மட்டுமில்லை. ஒவ்வொரு முயற்சியும் கோளாறைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது! (கைதட்டல்)

பிளக்கை வயரில் மாட்டி, சிலிண்டர் இரும்பின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை மிதித்தார். பொறி வரவில்லை. நான் உடனே, "பாய், புது காயில் வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன். "இருங்க சார், கடைக்காரர் எங்கேயும் ஓடிட மாட்டார்" என்றார்.

ஹாரனை அழுத்தினார். அடித்தது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. ஹெட்லைட்டுக்கு மேலே அம்மீட்டர் என்று ஒரு சின்ன முள் இருக்கும். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை மெதுவாகத் தள்ளித் தள்ளி அந்த முள்ளையே பார்த்தார். "உள்ளே ரெண்டு பாயின்ட் ஒண்ணை ஒண்ணு தொட்டா முள்ளு கழிவுப் பக்கம் சாயணும். பிரிஞ்சா நடுவுக்கு வரணும். பிரியற அந்த நொடியிலதான் பொறி. இங்க முள்ளு சாயவே இல்லை. அப்ப ரெண்டும் தொடுது, ஆனா கரண்ட் போகலை."

மூடியைக் கழற்றிக் காட்டினார். காண்டாக்ட் பாயின்ட். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இரண்டு உலோகப் பொட்டு. மூன்று வருஷம் சும்மா நின்றதில் அதன் முகத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு! 346 சி.சி. இன்ஜினை நிறுத்தி வைத்தது, ஊதினால் பறக்கிற கனம்கூட இல்லாத ஒரு படலம்.

நைசான உப்புத்தாளை மடித்து மெல்லத் தேய்த்தார். "தூசி துடைக்கணும், கெட்டியா ஒரு அட்டை இருந்தா குடுங்க சார்" என்றார். என் பையில் இருந்த விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். பெட்ரோலில் நனைத்து, இரண்டு பொட்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தார். அழுக்கெல்லாம் அதில் வந்துவிட்டது. நடுவர் அவர்களே, என் முனைவர் பட்டம் முதன்முதலாக ஒரு உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இடைவெளியை அளவுத் தகடு வைத்துப் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.35-லிருந்து 0.40 வரை இருக்க வேண்டுமாம். கார்புரேட்டரையும் கையோடு கழுவினார். "இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க சார். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். பழைய வண்டியை மாசக்கணக்குல நிறுத்தணும்னா டேங்க்ல விட்டு வைக்காதீங்க" என்றார். இந்தத் தகவலை வீட்டில் இருக்கிற அண்ணாச்சிமார்களும் குறித்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். (சிரிப்பு)

திருவள்ளுவர் மருத்துவருக்கு ஒரு முறை வகுத்தார், 948-ஆம் குறளில். இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே ஒப்பிப்பார்கள் என்பதால் நான் சொல்லவில்லை. என்ன நோய் என்று பார், எதனால் வந்தது என்று பார், தணிக்க வழி எது என்று பார், பிறகு செய். செய் என்பதை எங்கே வைத்தார்? நாலாவதாக வைத்தார்! எதிரணி நண்பர்கள் நாலாவதை முதலாவதாக்கி, முதல் மூன்றையும் மறந்துவிட்டார்கள்! (கைதட்டல்)

"அப்படியானால் உதைக்கவே வேண்டாமா?" என்று எதிரணித் தலைவர் கேட்பார். வேண்டும் ஐயா. பொறியும் பெட்ரோலும் சரியாகிவிட்ட பிறகும் உதைக்காமல் புல்லட் புறப்படாது. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிக்கரை அழுத்தித் தடுக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடியில் டீகம்ப்ரஸர் என்று ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைப் பிடித்தால் உள்ளே இருக்கிற அமுக்கம் விலகும். அந்தத் தடையை ஒரு மயிரிழை தாண்டவிட்டு, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே ஒரு முழு மிதி. எங்கப்பா பண்ணிய 'என்னமோ' இதுதான்!

இத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இந்த மேடையில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே சமயத்தில் என் வீட்டில் இன்னொரு வண்டி நின்று போயிருந்தது. என் மகன். பொறியியல் படிக்கிறான். முதல் வருஷமே மூன்று பாடத்தில் அரியர். காலேஜுக்குப் போக மறுக்கிறான், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் என்ன செய்தேன்? உதைத்தேன். காலால் இல்லை, வாயால். "உன் வயசுல நான்..." என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். நாலு மாதம் உதைத்தேன். உதைக்க உதைக்க அவன் உள்ளே மூழ்கிக்கொண்டே இருந்தான். அது எனக்குத் தெரியவில்லை.

பாய் போன அன்று ராத்திரி, அவன் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பாய் என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடம் கேட்டேன். "தம்பி, காலேஜுக்குப் போறது கடைசியா எப்ப உனக்குப் புடிச்சிருந்தது?"

ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசிப் பிழைக்கிற எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். அப்புறம் சொன்னான்: "முதல் ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுப்பா. அப்புறம் கணக்கு கிளாஸ்ல ஒண்ணும் புரியலை. கேட்க வெட்கமா இருந்துச்சு. பேராசிரியர் பையன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குப் புரியலைன்னு எப்படிப்பா எழுந்து சொல்றது?"

ஐயா, நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே தட்டு வரிசையில் சாப்பிட்டோம். இரண்டு பாயின்ட்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரு படலம்! அந்தப் படலத்தில் என் பெயரும் பட்டமும் எழுதியிருந்தது. (அமைதி)

எங்கப்பா வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்த்தார். மாடு தனக்கு எங்கே வலி என்று சொல்லாது. மூக்கைத் தொட்டு, வயிற்றில் காது வைத்து, சாணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாயிருக்கிற என் பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கு நாலு மாதமாயிற்று.

கதை அடுத்த நாளே சுபம் ஆகிவிடவில்லை. ஒரு கணக்கு ஆசிரியரிடம் தனியாகப் போனான். மூன்றில் இரண்டு அரியரை முடித்தான். ஒன்று இன்னும் பாக்கி. "எப்ப முடிப்பே?" என்று நான் கேட்பதில்லை. "எங்கே நிக்குது?" என்று கேட்கிறேன். அவனும் சொல்கிறான்.

மறுநாள் காலை அந்த புல்லட்டை ஸ்டார்ட் செய்தவன் அவன்தான். என் கால் வீங்கியிருந்ததே! முள்ளைப் பார்த்தான், தடுக்கிற இடத்தைப் பார்த்தான், நெம்புகோலைப் பிடித்து விட்டான், ஒரு மிதி. 'டப்... டப்... டப்...' எங்கம்மா திண்ணையில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகு உள்ளே திரும்பி, "காபி போடச் சொல்லு" என்றார். (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, முயற்சி வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கடைசி மிதி முயற்சிதான். அந்த மிதி எப்போது, எங்கே, எவ்வளவு என்று சொல்லிக்கொடுப்பது நிதானம். வண்டியாக இருந்தாலும் பிள்ளையாக இருந்தாலும் முதலில் கேளுங்கள், அப்புறம் பாருங்கள். உதைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அதற்குத் தேவையே வராது. ஆகவே, சிக்கல் தீரப் பெரிதும் உதவுவது நிதானமே, நிதானமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.