பட்ட மூங்கிலில் வாழும் பங்கசுக்கள்

இலங்கையின் களனி கங்கைக் கரையோரம் பட்டுக்கிடக்கும் மூங்கில் தடி ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் தோலில் நீளவாக்கில் சிறு கறுப்புத் தடிப்புகள் தெரியலாம். துடைத்தால் போகாது, உள்ளே வளர்ந்து தோலைப் பிளந்துகொண்டு வெளிவந்த பங்கசு அது. மூங்கிலில் வாழும் பங்கசு இனங்கள் உலகெங்கும் 1,100க்கு மேல் பதிவாகியுள்ளதாக 2002இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று கணக்கிட்டது. அவற்றுள் மிகப் பல வெறுங்கண்ணுக்கு ஒரே மாதிரியான கறுப்புப் புள்ளிகள்தாம். அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயரிடக் கூடாது. டி.என்.ஏ.யை மட்டும் நம்பியும் பெயரிடக் கூடாது என்பதே என் வாதம்.

பட்ட மூங்கிலில் அடிக்கடி காணப்படும் அப்பியோஸ்போரா என்ற சாதியை எடுத்துக்கொள்வோம். கறுப்புத் தடிப்பை மெல்லச் சீவி, ஒரு துளி நீரில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நிறமற்ற வித்திகள் தெரியும். ஒவ்வொன்றிலும் இரு கலங்கள்: ஒன்று பெரிது, அடியில் உள்ளது மிகச் சிறிது. இதே பங்கசு இலிங்கமில் முறையில் பெருகும்போது தரும் வித்தியோ கபில நிறமானது. மைசூர்ப் பருப்புப் போலத் தட்டையானது. விளிம்பில் வெளிறிய கீற்று ஓடும். இரு நிலைகளும் இவ்வளவு வேறுபட்டதால் ஒரே உயிருக்கு அப்பியோஸ்போரா, ஆர்த்ரினியம் என இரு பெயர்கள் நெடுங்காலம் வழங்கின. ஒரு பங்கசுக்கு ஒரு பெயரே என்ற விதி 2011இல் மெல்பேர்னில் ஏற்கப்பட்டது. 2013இல் இரண்டும் ஆர்த்ரினியமாக ஒன்றாக்கப்பட்டன. 2021இல் மீண்டும் இரு சாதிகளாகப் பிரிக்கப்பட்டன. எட்டு ஆண்டில் மாறும் பெயரை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயமே. ஆனால் மாறியது பெயர்தான். வித்தியின் வடிவமும் அளவும் எழுதியபடியே நிற்கின்றன. கூடுதல் மாதிரிகளின் டி.என்.ஏ. கிடைத்ததும் உறவுமுறை திருத்தப்பட்டது, அவ்வளவுதான்.

உக்கும் தடிக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பாரும் உண்டு. வட சீனாவில் 1970களிலிருந்து, பூஞ்சணம் பிடித்த கரும்பைத் தின்றவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், மூளை பாதிக்கப்பட்டு நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். இதற்குக் காரணமான நைட்ரோபுரோப்பியோனிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்தது இதே அப்பியோஸ்போராக் கூட்டத்துப் பங்கசு. கரும்பும் மூங்கிலும் புல் குடும்பம். இக்கூட்டத்தில் எல்லா இனங்களும் நஞ்சு தருவதில்லை. எது தரும் என்று பிரித்தறிய இனப்பெயர் சரியாக இருக்க வேண்டும்.

அப்படியானால் டி.என்.ஏ.யே போதாதா? ஒப்பிட ஏற்கெனவே சரியாகப் பெயரிட்ட மாதிரி வேண்டுமே. உதாரணமாக, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலங்கைப் பங்கசுக்களுக்கு 1870களில் பங்கசு ஆய்வாளர்களான பேர்க்லியும் புறூமும் இங்கிலாந்திலிருந்து பெயர் சூட்டினார்கள். அந்த உலர் மாதிரிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பழைய துணுக்கில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஆகவே அதே நாட்டில், அதே வகைத் தாவரத்தில் புதிதாகச் சேகரித்து, வித்தியை அளந்து, பழைய விவரிப்போடு பொருத்திப் பார்த்த பிறகே டி.என்.ஏ.யை அந்தப் பெயரோடு இணைக்கலாம். களனிக் கரையில் ஒருவர் சேகரிக்கும் தடியில் மூங்கில் இனம், இடம், திகதி மூன்றும் எழுதப்பட்டிருந்தால், அது இந்த வேலைக்கு உதவும்.